டயாலிசிஸுக்குப் போவது அவிசுவாசமா?

நெல்லை மாவட்டத்தின் தெற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 42 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஏழு பக்கம், நடுவில் இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணவருக்கு 49 வயது. நாலைந்து ஆட்களை வைத்துக் கொத்தனார் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தவர். 12 வருடமாகச் சர்க்கரை, மாத்திரை நினைத்தால் போடுவது, இல்லாவிட்டால் விடுவது. போன வருடம் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. 14 மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். சகோதரி நர்சரிப் பள்ளி ஆசிரியை, சம்பளம் சொற்பம். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. குழுக் கடன் இருக்கிறது, நகை அடகில் இருக்கிறது.

இந்த நிலையில் நாத்தனார் அவர்களை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே இருந்த ஊழியர், "டயாலிசிஸை நம்புகிற வரைக்கும் அற்புதம் நடக்காது, கர்த்தரை முழுசா நம்பணும்" என்றிருக்கிறார். குடும்பத்தில் ஒரு சாபக்கட்டு இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். விதைக் காணிக்கை என்று, அதாவது விதைத்தால் ஆசீர்வாதமாகத் திரும்பி வரும் என்று கேட்கும் காணிக்கையாக, இரண்டு பவுன் சங்கிலி போயிருக்கிறது. கணவர் ஒரு வெள்ளியும் அடுத்த செவ்வாயும் டயாலிசிஸுக்குப் போகவில்லை, அதோடு மூன்று நாள் உபவாச ஜெபத்திலும் உட்கார்ந்திருக்கிறார். முடிவில் தெம்புக்கென்று இரண்டு இளநீர் கொடுத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறி, 108-ல் ஏற்றி, நாலு நாள் ஐசியு. டாக்டர் இந்தச் சகோதரியைத்தான் திட்டியிருக்கிறார். ஐசியுவிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு அந்த ஊழியரிடமிருந்து போன்: "கடைசி நேரத்தில் விசுவாசத்தை விட்டுட்டீங்களேம்மா."

இவர் கேட்பது இதுதான். டயாலிசிஸுக்குத் திரும்பப் போவது கர்த்தரை நம்பாததுதானா? ஏன் எங்களுக்கு மட்டும், நிஜமாகவே சாபமா? என் சிறுநீரகத்தைக் கொடுக்கலாமா? "ஜெபிக்க உட்கார்ந்தால் 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை அக்கா" என்று எழுதியிருக்கிறார். ஆறாம் பக்கத்தின் கடைசியில், அடித்துவிட்டுத் திரும்ப எழுதிய ஒரு வரி: "சில ராத்திரி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச்சேர்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

அக்கா என்று எழுதியிருந்தீர்கள், அந்த உரிமையில் நேராகவே பேசுகிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. அடித்துத் திரும்ப எழுதினீர்களே, அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ராத்திரி யோசனை

அதை எழுதியது நல்லதாயிற்று. அது பாவ யோசனை, பிசாசின் யோசனை என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. 14 மாதம் சரியாகத் தூங்காத உடம்பும் மனசும் ஓர் எல்லைக்கு வந்தால் இப்படித்தான் பேச ஆரம்பிக்கும், இது சிகிச்சை உள்ள விஷயம். ஆனால் பிள்ளைகளையும் சேர்த்து யோசிக்கிறீர்கள், அதனால் காத்திருக்கக் கூடாது. அவர்கள் உயிரைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்கும் எனக்கும் உரிமை கிடையாது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, அந்த ராத்திரியில் ஞாபகம் வரவேண்டும் என்று சொல்கிறேன்.

14416 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். 104-க்கும் கூப்பிடலாம். இன்றைக்கே கூப்பிடுங்கள். அந்த யோசனை விடாமல் பிடித்துக்கொண்டால் தனியாக இருக்காதீர்கள், பக்கத்து வீட்டு ஆளை எழுப்புங்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் தங்கையிடமாவது இதை இன்றே சொல்லிவிடுங்கள், அவளிடம்தான் எல்லாம் பேசுவேன் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த டயாலிசிஸ் அன்று கணவர் உள்ளே இருக்கும் நாலு மணி நேரத்தில் அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டு, உங்கள் பெயரில் ஓ.பி. சீட்டு போடுங்கள். கணவருடைய சீட்டுகளையே தூக்கிக்கொண்டு அலைந்த உங்களுக்கென்று ஒரு சீட்டு.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து ஏன் இப்படிப் பேசுகிறாய், உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார், இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான், ஓரேப் மலையில். நீங்கள் கடைசியாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டது எப்போது?

இயந்திரம் செய்கிற வேலை

நான் டாக்டர் இல்லை. மருத்துவமனை சமூகப் பணியாளராக டயாலிசிஸ் வார்டு வாசலில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள். அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்யும். உங்கள் கணவருக்கு அந்த வேலையை ஓர் இயந்திரம் வாரத்துக்கு 8 மணி நேரத்தில் இழுத்துப்பிடித்துச் செய்கிறது. அதிலும் இரண்டு முறையை விட்டுவிட்டால், குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். அன்று ராத்திரி அவரால் படுக்க முடியாமல் போனது அதனால்தான். அப்புறம் அந்த இளநீர். நமக்கெல்லாம் அமிர்தம், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். கொடுத்தவர்கள் அன்பாகத்தான் கொடுத்திருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர் பிழைத்ததை அற்புதம் என்று சொல்ல ஆசையாக இருந்தால் சொல்லுங்கள், நானும் ஆமென் சொல்வேன், ஆனால் அந்த அற்புதத்தில் 108 ஓட்டுநருக்கும் உங்களைத் திட்டிய அந்த டாக்டருக்கும் பங்கு உண்டு.

வேதத்தில் மருந்து இல்லையா என்ன? எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், இன்னும் 15 வருஷம் தருகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், பற்றுப்போடச் சொன்னார். வாக்கும் வந்தது, பற்றும் போட்டார்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கைவைத்தியம் எழுதி அனுப்புகிறார். பவுலின் கூட்டாளி லூக்காவே வைத்தியர். உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தேன் என்று அதே பவுல் எழுதுகிறார், யாருடைய விசுவாசக் குறைவு என்று அங்கே விசாரணை நடத்தவில்லை.

உங்களிடம் சொல்லப்பட்டதற்கு ஒத்த ஒரு பேச்சு வேதத்தில் இருக்கத்தான் செய்கிறது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று பிசாசு வசனத்தையும் எடுத்துச் சொன்ன பேச்சு அது. அதற்கு இயேசு சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." டயாலிசிஸை நிறுத்திப் பார்க்கலாம் என்பதை நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன். அந்த ஊழியரைப் பிசாசு என்கிறேனா? இல்லை. அவருக்குப் பொட்டாசியம் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத விஷயத்தில் கர்த்தருடைய பெயரைச் சொல்லி உத்தரவு போட்டார் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. நம்முடைய பக்கத்து நெய்யூரில் 1838-லேயே மிஷனரிகள் வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது அங்கேதான், 1971-ல். ஜெபம் பண்ணிவிட்டுக் கத்தியை எடுக்கிற டாக்டர்கள் இருந்த இடம் அது. மருந்து அவிசுவாசம் என்றால் இவர்களையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சாபம், காரணம், "ஏன் எங்களுக்கு"

மாமனார் சொத்துத் தகராறில் யாரையோ அழவைத்ததுதான் இப்படி வந்து விடிந்திருக்கிறது என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரின் சிறுநீரகம் ஏன் போயிற்று என்பது அவருடைய பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளிலேயே இருக்கும். கட்டுப்படாத சர்க்கரை சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடும், வலியே தெரியாது, தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இதைச் சொன்னவுடன், நான்தான் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று அடுத்த குற்றத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் சாரத்தில் நிற்கிற மனுஷனுக்குக் காலை மாத்திரை மறந்துபோவது ஊரில் பாதி வீட்டுக் கதை.

பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததும் இல்லை, பெற்றவர்கள் செய்ததும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார். தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ல் எழுதியிருக்கிறது. மாமியார் கேட்டால் வாசித்துக் காட்டுங்கள், சண்டையாக வேண்டாம். மகனைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அவரும் ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு டோனாவூர் தெரிந்திருக்கும். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தார் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அவர் 1931-ல் ஒரு குழியில் விழுந்தார். அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் படுக்கைதான். அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! நடக்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த ஊரில் நின்று சொல்லிப் பார்க்கட்டும் யாராவது. அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கூடக் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் அம்மா என்று அர்த்தம் வரும் ஒரே ஒரு சொல்.

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. யோபுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. காரணம் சொல்ல வந்த நண்பர்கள்மேல்தான் கர்த்தருக்குக் கோபம் வந்தது. ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

பீரோவில் ஒட்டிய அட்டை

இந்த வருடம் முதல் தேதி ஆராதனையில் உங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது வருடத்துக்கென்று கொடுக்கும் வசன அட்டை, "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை ஐசியு ராத்திரிக்குப் பிறகு உரித்து, புடவைக்கு அடியில் போட்டுவிட்டதாகவும், ஒட்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றிவிட்டாரே என்ற கோபம். புரிகிறது.

எரேமியா 30-ஐ முழுசாக வாசித்துப் பாருங்கள். அது நாடு பறிபோய், தூர தேசத்துக்குச் சிறைப்பட்டுப் போகிற ஜனங்களுக்குச் சொன்னது. அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே 70 வருஷம் என்று கணக்கும் கொடுத்திருக்கிறது. அந்த வசனத்தைக் கேட்டவர்களில் நிறையப் பேர் அது நிறைவேறுவதைப் பார்க்காமலே பாபிலோனில் செத்துப்போயிருப்பார்கள். நாம் அதை நாலு அங்குல அட்டையில் வெட்டி, டிசம்பர் 31-க்குள் என்று கெடு வைத்துவிடுகிறோம். தப்பு உங்களுடையது இல்லை, அட்டையை அப்படித்தான் நமக்குக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

கோபத்தை ஜெபத்தில் சொல்லலாமா என்றால், தாராளமாக. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டது தாவீது. 88-ஆம் சங்கீதம் வெளிச்சமே இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வரவில்லையென்றால் அந்த ஒரு வார்த்தையோடு எழுந்துவிடுங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளைப் பற்றி ரோமர் எட்டாம் அதிகாரத்தில் வருவது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

சிறுநீரகம் கொடுப்பது பற்றி

சட்டப்படி மனைவி கொடுக்கலாம். 1994-ஆம் வருடத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் கணவன், மனைவி நெருங்கிய உறவில் சேர்த்தி. திருமணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், ஆலயத்தில் கையெழுத்துப் போட்ட கலியாணப் பதிவின் நகலைச் சபை ஐயரிடம், போதகரிடம், கேட்டு வாங்கி வையுங்கள். ரத்த வகை சேராவிட்டால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக் கொடுக்கவும் 2011 திருத்தம் வழி வைத்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, சிறுநீரக மாற்றும் அதில் வரும்.

ஆனால் உங்களுக்கு பிரஷர் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் விடக்கூடிய விஷயம் இல்லை. பரிசோதனையில் டாக்டர் வேண்டாம் என்றால் அது கதவடைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவை மிச்சம் வைக்கிறார்கள். மாற்றிய பிறகும் வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு, சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புதுச் சிறுநீரகமும் கெடும், இதைக் கணவரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். கொடுப்பவரிடம் தனியாகப் பேசி, வற்புறுத்தல் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த அறையில் உண்மையைச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பயம் என்று சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், அதனால் நீங்கள் பொல்லாத மனைவியாகிவிட மாட்டீர்கள். எதற்கும் மூளைச்சாவு அடைந்தோர் தானத்துக்கான அரசு வரிசையில் மருத்துவமனை மூலம் இப்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள், அது ஓடுகிறபடி ஓடட்டும். காசுக்கு ஏற்பாடு பண்ணித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் பேச்சே வேண்டாம், 5 முதல் 10 வருடம் வரை சிறை உள்ள குற்றம்.

சங்கிலியும் சபையும்

இரண்டு பவுனைத் திரும்பக் கேட்கலாமா? கேட்கலாம், தம்பியையோ சபைப் பெரியவர் ஒருவரையோ கூட்டிப் போய் அமைதியாகக் கேளுங்கள். மனமுவந்து கொடுத்த காணிக்கை என்று அவர்கள் சொன்னால் சட்டப்படி மீட்பது லேசில்லை, அதற்கு அலைய இப்போது உங்களிடம் தெம்பும் இல்லை. இனி ஒரு குன்றிமணி கூடக் கொடுக்காதீர்கள், அது போதும். கர்த்தரோடு நீங்கள் கடன்பட்டு நிற்கவில்லை.

உங்கள் சொந்த சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள், "ஏன் இன்னும் சரியாகலை" என்று எல்லோரும் கேட்பதால். அந்தக் கேள்வி எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் ஐயரம்மாவை, போதகரின் மனைவியை, மட்டும் தனியாகப் போய்ப் பாருங்கள். ஜெபம் பண்ணுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராமல், ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஓர் ஆண், மாதத்தில் இரண்டு முறையாவது, மகளுக்குப் பரீட்சை வரை ராத்திரி படிக்கப் பக்கத்து வீட்டில் ஓர் இடம், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து மாதம் ஒரு சிப்பம் அரிசி. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன வசனத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிற சபைதானே, சுமக்கட்டும். எந்தப் பாரம் என்று தெரியாமலும் பலர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கணவர் கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக வைத்திருக்கிற பிஸ்டுலாவை, ரத்தக் குழாய்களை இணைத்த அந்த இடத்தை, தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூனை உறுமுவது போல உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தெரியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் மகனுக்கு அதைப் பழக்கிவிடுங்கள், அப்பாவின் கையைத் தொட அவனுக்கும் ஒரு சாக்கு கிடைக்கும். தண்ணீருக்கு ஓர் அளவு டம்ளர் வையுங்கள். அட்டையைத் திரும்ப ஒட்டுவதும் புடவைக்கு அடியிலேயே விடுவதும் உங்கள் இஷ்டம்.

14416-க்குப் பேசினீர்களா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். ஏழு பக்கம் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா